சிக்னல் இல்லாத மூன்று வாரம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை; மறைத்தும் பிரயோஜனம் இல்லை. ஆபீசில் என் மேசைக்கு வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் பேப்பரை நீட்டுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் நான் இருக்கும் அடுக்குமாடியில் லிப்ட் கெட்டுப்போனால் யாரும் நிர்வாகத்துக்குப் போன் போடமாட்டார்கள். என் கதவைத்தான் தட்டுவார்கள். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை கேட்டா போதும்லா, நாளைக்கே ஓடும்." ஓடவும் செய்யும். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டு நாற்பத்தாறு வயதுவரை வந்துவிட்டேன்.

ஆனால் கிள்ளானில் அம்மா அப்பா வீட்டு டிவியில் படம் நின்றுபோன அந்த மூன்று வாரம் நான் பட்ட கோபம் வேறு. ஒரு டிவிக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். டிவிக்கு இல்லை. அப்பாவின் பேச்சுக்கு.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் உட்கார்ந்தபடி அவர் போடுகிற சத்தம் கீழே லோரிக்காரர்களுக்கு வாக்கிடாக்கி இல்லாமலே கேட்கும் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்வார்கள். வீட்டிலும் அதே குரல்தான். இந்தக் கோபமே அவர் எனக்குப் போட்ட சீதனம். போன வருஷம் ஒருநாள் காலையில் பல் விளக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பிடித்துக்கொண்டு நாலடி வைப்பார். பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார், முறைக்க வேண்டிய இடத்தில் முறைப்பார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். நல்ல பிள்ளை. அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கோ மலாய் மொத்தமாக மறந்துபோயிருந்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, உங்கள் மொழியில் யாராவது இவரிடம் சொல்லுகிற வார்த்தை ஏதாவது இருக்கிறதா? அதிலிருந்து ஆரம்பிப்போம்."

முதலில் நானே ஆரம்பித்தேன். பேச்சு விழுந்த பிறகு இரண்டு வாரம் லீவு போட்டுக் கிள்ளானில்தான் இருந்தேன். "அப்பா, தண்ணி சொல்லுங்க. தண்... தண்..." இரண்டு நாள் பொறுமையாகச் சொன்னேன். மூன்றாம் நாள் என் குரல் ஏறிவிட்டது. "அப்பா, முயற்சி பண்ணுங்கப்பா! வாயத் தொறங்க!" அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எதிரில் போய் உட்கார்ந்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வார். வாத்தியார் வேலைக்கு நான் லாயக்கில்லை என்று தெரிந்துபோயிற்று.

கடைசியில் அந்த வேலையைச் செய்தது டிவிதான். சாயங்காலத் தமிழ்ச் செய்தி. வாசிக்கிற பெண் திரையில் வந்து, நேராகப் பார்த்து, "வணக்கம்" என்பார். ஒருநாள் அதற்கு அப்பாவிடமிருந்து "வக்கம்" என்று பதில் வந்தது. அம்மா கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே போட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும். ஐந்து நிமிஷம் முன்னாலேயே டிவி முன்னால் வந்து உட்கார்ந்து, இடது கையால் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு காத்திருப்பார். "வக்கம்" ஒரு மாதத்தில் "வணக்கம்" ஆனது. பிறகு "செய்தி" வந்தது. அந்தச் செய்தி வாசிக்கிற பெண் ஒருநாளும் அவரைப் பார்த்துக் குரல் உயர்த்தவில்லை, அதுதான் காரணம். பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "இந்த நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடுவில் நின்றால் வந்த வார்த்தையும் போய்விடும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை கோமுட்டர் ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போனால், டிவியில் படம் இல்லை. கறுப்புத் திரை, நடுவில் ஒரு பெட்டி, அதில் சிக்னல் இல்லை என்று மலாயில் ஒரு வரி.

"எப்போலேர்ந்துமா?"

"நேத்து மழை பேஞ்சதுல்ல, அதுலேர்ந்து" என்றார் அம்மா. அடுப்பில் ரசம் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

பழைய காலத்து டிவியாக இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. சிக்னல் குறைந்தால் படத்தில் எறும்பு ஓடும், ஆள் இரண்டாகத் தெரிவார், ஆனாலும் குரலாவது கேட்கும். டிவி தலையில் நாலு தட்டு தட்டினால் சரியாகிவிடும். இந்த டிஜிட்டல் வந்த பிறகு இருந்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. தட்டவும் முடியாது, டிவி தாள் மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிவிக்குக் கீழே டிகோடர் என்று ஒரு சின்ன டப்பா. அதன் பச்சை விளக்கு ஒன்றும் நடக்காததுபோல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது.

கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். சுவிட்சை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டுப் போட்டேன். பிறகு, யாரையும் கேட்காமல், மெனுவுக்குள் போய்ச் சேனலை மறுபடியும் தேடு என்கிற பொத்தானை அமுக்கினேன். அது நூறு சதவிகிதம்வரை நிதானமாகத் தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லி, ஏற்கெனவே இருந்த சேனல் பட்டியலையும் துடைத்துப் போட்டுவிட்டது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்பா பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி மேலே காட்டினார். மேலே சுற்றுகிற பேனைச் சொல்கிறார் என்று வேகத்தைக் கூட்டினேன். தலையை ஆட்டினார், இல்லை. குறைத்தேன். இல்லை. மறுபடி மேலே விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். விளக்கைப் போட்டேன், அணைத்தேன். நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார். "என்னப்பா வேணும், எனக்கு எப்படித் தெரியும்?" என்று நானும் கத்தினேன். சாயங்காலம் செய்தி நேரம் வந்தது. அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் காத்திருந்தார். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

கைப்பேசியில் அதே செய்தியைப் போட்டுக் காட்டலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். நான் என்ன முட்டாளா, செய்யாமல் இருப்பேனா? ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பாவுக்கு வலது பக்கப் பார்வை பாதி இல்லை. கையகலத் திரையில் ஆள் முகம் அவருக்குப் பிடிபடவில்லை. போனைத் தள்ளிவிட்டார். வீட்டில் இன்டர்நெட் லைனும் கிடையாது. கூரையில் சாட்டிலைட் தட்டு வைக்கிற டிவியை, மழை வந்தால் போய்விடுகிறது என்று, நல்லாயிருந்த காலத்திலேயே அப்பா கழற்றி அனுப்பிவிட்டார். கூரை மேல் அவரே பைப் நட்டு மாட்டிய ஏரியல்தான் எங்களுக்கு.

திங்கள்கிழமை ஆபீசிலிருந்து டிவி உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. பிறகு ஒரு பையன், டிகோடரை அணைத்துப் போடுங்கள் என்றான். போட்டாச்சு என்றேன். சேனலைத் தேடுங்கள் என்றான். தேடித்தான் எல்லாம் போச்சு என்றேன். "அப்போ டிகோடர் ரொசாக் மேடம், புதுசு வாங்குங்க." ரொசாக் என்றால் கெட்டுப்போச்சு. பார்க்காமலே பாடையில் ஏற்றிவிட்டான். சரி, தொலையட்டும் என்று செவ்வாய்க்கிழமை புது டிகோடர் வாங்கி, வேலை முடிந்து, பெடரல் ஹைவே ஜாமில் ஒன்றரை மணி நேரம் கிடந்து கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். மாட்டினேன். புது டப்பா, புது ரிமோட், அதே கறுப்புத் திரை. சிக்னல் அளவு பூஜ்யம், தரம் பூஜ்யம்.

அந்த வாரக் கடைசியில் நானே மேசை மேல் ஏறி, சுவரோரம் வருகிற கேபிளை வெட்டி, நுனியில் புது கனெக்டர் போட்டேன். யூடியூப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நடுவில் இருக்கும் செம்புக் கம்பி சுற்றியிருக்கும் வலையில் பட்டால் சிக்னல் செத்துவிடும் என்று படித்து, அதையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். விரலில் இரத்தம் வந்ததுதான் மிச்சம். வெளியே ரோட்டுக்குப் போய் நின்று கூரையைப் பார்த்தேன். ஏரியல் விழவில்லை, சாயவில்லை, ஒரு கம்பிகூட உடையவில்லை. ஜம்மென்று நின்றது. அப்போ அதன்மேல் குற்றம் இல்லை என்று முடிவு கட்டினேன்.

எலக்ட்ரிக் கடைக்காரர்தான் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டார். "ஒங்க தமான் வீடுங்களுக்குப் பின்னால பெரிய சாக்கடையத் தாண்டி கொண்டோ எழும்புதுல்ல, அது மறைக்குதுங்க. எல்லாருக்கும் இதே கம்ப்ளைன்தான்." முப்பது மாடிக் கொண்டோ. ஏற்கெனவே அதன் தூசியால் அம்மா துணி காயப்போட முடியவில்லை, இப்போது அப்பாவின் வாயையும் மறைக்கிறதா? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நகராண்மைக் கழகத்துக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். கட்டுகிற கம்பெனிக்கு எழுதினேன். வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன். இதுவரை யாரும் பதில் போடவில்லை, போட்டாலும் எந்த முகத்தோடு படிப்பேன் என்று தெரியவில்லை.

கடைக்காரர் கொடுத்தனுப்பிய, வீட்டுக்குள்ளேயே வைக்கிற சின்ன ஏரியலை ஜன்னலில் கட்டினேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது. ஜன்னல் கம்பியில் கட்டி, அலமாரி மேல் வைத்து, கடைசியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டபோது திரையில் ஏதோ அசைந்தது. சதுரம் சதுரமாக உடைந்து, சேர்ந்து, படம் வந்தது. சரியாகச் செய்தி நேரம். "அப்பா! வந்துருச்சு, வாங்க!" அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அவசரமாக நடந்து வந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். திரையில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "வண..." என்றார்.

படம் உறைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வாய் பாதி திறந்தபடி நின்றது. அப்பாவின் வாயும் பாதி திறந்தபடி நின்றது. அவர் மீதி வார்த்தைக்காகக் காத்திருந்தார். பத்து விநாடி, இருபது விநாடி. திரை கறுப்பாகி, பழையபடி அந்தப் பெட்டி வந்தது. அப்பா வாயை மூடவில்லை. எச்சில் ஒழுகியது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "போதும், விடுமா, அவர் படுக்கட்டும்" என்றார். நான் அந்தச் சின்ன ஏரியலை ஆணியோடு பிடுங்கி வெளியே வீசினேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வாசல் கேட் அருகே பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் பயிற்சிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "வணக்கம்" சொல்லச் சொன்னார் பயிற்சிப் பெண். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது, அப்பாவுக்காகக் கற்றுக்கொண்டது. அப்பா உதட்டைக் குவித்தார். வரவில்லை. இரண்டாம் தடவை முயற்சி செய்யவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தார். நான் கார் பார்க்கில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். அப்பா பக்கத்தில் இருக்கிறாரே என்கிற நினைப்புகூட இல்லை எனக்கு.

நான்காவது சனிக்கிழமை, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, காப்பாரிலிருந்து ஏரியல் வேலை செய்கிற ஓர் அண்ணன் வந்தார். வேனுக்கு மேல் ஏணி, இடுப்பில் ஒரு பை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆனாலும் சரசரவென்று ஏறினார். நான் கீழே நின்று, கொண்டோ எப்படியெல்லாம் மறைக்கிறது என்று அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏரியலைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். கிழக்கே திரும்பிப் பார்த்தார், மேற்கே திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, கொண்டோ ஓரமா இருக்கு, அது மறைக்கல. சிக்னல் அனுப்புற கே.எல். டவர் அந்தாண்டை இருக்கு. ஒங்க ஏரியல் ஏன் இந்தாண்டை கடலப் பாத்துக்கிட்டு இருக்கு?"

"என்ன கடல்?"

"போர்ட் கிள்ளான் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க. அங்கேர்ந்து மீனுதான் வரும், சிக்னல் வராது." சிரித்துவிட்டு, குனிந்து பைப்பில் கட்டியிருந்த எதையோ அவிழ்த்தார். "இது யாரு கட்டுனது?" என்று மேலேயிருந்து என் காலடியில் போட்டார். காய்ந்து சுருங்கிப்போன ஓர் எலுமிச்சம்பழம், கறுத்த மிளகாய் நாலு, மஞ்சள் கயிறு.

நான் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அப்பா கூடத்தில் டிவிக்கு எதிரே அவருடைய நாற்காலியில் இருந்தார். அம்மா அவருக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் ஏரியல் கூரையின் முன்பக்கம் இருந்தது. கே.எல். பக்கம் நீட்டி வைத்தால் அதன் முனை வீட்டுக்கு மேலாக, நேரே அப்பாவின் படுக்கையறைக்கு மேலே போகும். ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து பக்கத்து வீட்டு ஆன்டி அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். முனையெல்லாம் அம்பு மாதிரி, தூங்குகிற மனிதனைக் குத்துகிறது, ஆகாது, திருப்பு என்று. சீனர் வாஸ்துக் கணக்கு அது. அம்மாவுக்கு நெஞ்சு கேட்கவில்லை. கோயிலில் குறி சொல்லும் ஒரு அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா, ஐயையோ, சூலத்தை ஆள் தலைக்கு மேல நீட்டி வைப்பாங்களா என்று இன்னும் ஒரு பிடி பயத்தைச் சேர்த்துவிட்டார். இரண்டு சாமியும் ஒரே வாக்காகச் சொன்ன பிறகு அம்மா என்ன செய்வார்? ஓட்டை ஓடு மாற்ற வந்த ஆளிடம் எலுமிச்சம்பழக் கயிற்றைக் கொடுத்துக் கட்டச் சொல்லி, ஏரியலையும் திருப்பச் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஒருத்தர் வீட்டைப் பார்க்கும். அடுத்தவர் குடி கெடக் கூடாது. அதனால் கடலைப் பார்த்துத் திருப்பச் சொன்னாராம். "கடல்ல யாரும் இல்லதானே" என்றார்.

அந்த ஆள் திருப்பும்போது அப்பா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கிரேன் ஓட்டிய மனிதர், மேலே எது எந்தப் பக்கம் திரும்பியது என்று அவருக்குத் தெரியாதா? மூன்று வாரமாக மேலே மேலே என்று கை காட்டியது அதைத்தான். நான் பேனைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தேன். அதை நினைத்தவுடன் எனக்கு என் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு. ஆனால் என் மேல் வந்த கோபத்தை நானே வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லையே. அதையும் சேர்த்து அம்மாவின் தலையில் கொட்டினேன்.

"ஒங்களுக்கு மூளை இருக்கா? மூணு வாரம்மா! நான் அந்த டப்பாவ மாத்தி, கேபிள வெட்டி, நாயா பேயா அலைஞ்சேன், நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க! திருப்புன அன்னிக்கே டிவி போச்சுல்ல? தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றார் அம்மா.

"தெரிஞ்சும் மழைன்னு பொய் சொன்னீங்க!"

"திருப்பி வச்சா மறுபடியும் அவர் தலைக்கு மேல வருமே." அம்மாவின் கையில் பாதி உரித்த ஆரஞ்சு அப்படியே இருந்தது. "பேச்சு வராட்டி போவுது, மூச்சு இருந்தா போதும்னு நெனச்சேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா இப்படித்தான் ஏசுவ."

நியாயமான மனுஷியாக இருந்தால் நான் அங்கே நிறுத்தியிருப்பேன். அம்மா முட்டாள் இல்லை, பயந்துபோயிருந்தார். நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர் குளியலறைத் தரையில் கிடந்ததைப் பார்த்த பயம். அதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது வாய் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கூரையில் அந்த அண்ணன் பைப்பைக் கழற்றி, பின்பக்கம் அடுப்படிக்கு மேலே மாற்றுகிற சத்தம் டமடமவென்று கேட்டது. அங்கே வைத்தால் முனை வீட்டுக்கு மேலே வராது, வெளியே பார்த்து நிற்கும் என்று அவர் ஒரு நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டார். ஒரு நிமிஷத்தில்! யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் வேலை. அது இன்னும் என்னைக் கிளப்பியது. அம்மாவுக்கு நேராகப் போய் நின்று, அந்த எலுமிச்சம்பழத்தை அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு, நான் என் வாழ்நாளில் பேசிய மோசமான வார்த்தையைப் பேசினேன்.

"அவருக்குப் பேச்சப் பறிச்சது ஸ்ட்ரோக் இல்ல. நீங்கதான். வந்த ஒரு வார்த்தையையும் நீங்கதான் புடுங்கிட்டீங்க."

அம்மா ஆரஞ்சைத் தட்டில் வைத்தார். அழக்கூட இல்லை, அடி வாங்குகிற மாதிரி தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

அப்போது நாற்காலி பக்கமிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன். திரும்பினால், அப்பா இடது கையை நாற்காலியில் ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. வாயைத் திறந்தார், காற்று வந்தது. மூடினார். மறுபடி திறந்தார்.

"அவ... அவள..."

அம்மா பாதி எழுந்தார்.

"அவள ஏசாத."

கோணலாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. பழைய குரல். கீழே லோரிக்காரர்களுக்குக் கேட்கிற குரல் இல்லை, ஆனால் அதே ஆளின் குரல். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி நின்றேன். ஒரு வார்த்தை வர வேண்டும் என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன். வந்தது, ஒன்றுக்கு இரண்டாக வந்தது, என்னை நிறுத்தச் சொல்லி வந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"வருதா தங்கச்சி? படம் வருதா?" என்று அந்த அண்ணன் கூரையிலிருந்து சத்தம் போட்டார். நான் இயந்திரம்போல ரிமோட்டை எடுத்துச் சேனலைத் தேடவிட்டேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வழக்கமான எண்ணை அழுத்தினேன். சரியாகத்தான் இருந்தது நேரம். செய்தி வாசிக்கிற பெண் நிமிர்ந்து, கண்ணாடி மாதிரித் தெளிவாக, முழுசாக, "வணக்கம்" என்றார்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏசலப்பா" என்றேன். "இனிமே ஏசல."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.